பூட்டும் ஒப்பமும்: கைத்தொலைபேசிக் களவின் நாற்பது ஆண்டுகள்



1987 ஆம் ஆண்டை டென்மார்க் வாழ் தமிழர்கள் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்கலாம். முதலாவது காரணம் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போதைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களை ஒதுக்கி வைக்கும்படி அந்த ஆண்டில்தான் அதிகாரிகளைப் பணித்தார். சட்டப்படி கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போயிற்று. 'தமிழர் வழக்கு' என்று பெயர் பெற்ற அந்த விவகாரம், 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசாங்கத்தைப் பதவி விலக வைத்தது. 1995 இல் நின்-ஹான்சன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. அதே 1987 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் திகதி, 13 ஐரோப்பிய நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் கொப்பன்ஹேகனில் கூடி ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. ஜி.எஸ்.எம். என்ற பொதுவான கைத்தொலைபேசி முறையை எல்லா நாடுகளிலும் அமைப்பது என்பதே அந்த உடன்படிக்கை. இன்று உலகத்தின் சட்டைப் பைகளில் இருக்கும் கைத்தொலைபேசிகளின் கதை அங்கிருந்துதான் வளர்ந்தது.

மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு இங்கே காத்திருந்தவர்களுக்கு அன்று தொலைபேசிதான் உறவு. நாணயங்களைச் சேர்த்துக் கொண்டுபோய்த் தொலைபேசிக் கூண்டில் நின்றோம். பின்னர் தொலைபேசி அட்டை வாங்கிச் சுரண்டினோம். ஆகவே எங்கள் வீடுகளில் தொலைபேசி மணி அடித்தால் அதை எடுக்காமல் விடும் பழக்கம் வரவில்லை. வெளிநாட்டு இலக்கம் என்றால் இன்னும் விரைந்து எடுப்போம். இந்தப் பழக்கத்தை நம்பிப் பிழைக்கிற கூட்டமும் இன்று இருக்கிறது. அந்தக் கூட்டம் எப்படி உருவானது, இந்த நாற்பது ஆண்டுகளில் களவின் வழி எப்படி மாறியது என்பதைப் பார்ப்போம்.

பூட்டே இல்லாத காலம்

ஜி.எஸ்.எம். வருவதற்கு முன்னரே நோர்டிக் நாடுகளில் என்.எம்.ரி. என்ற கைத்தொலைபேசி முறை இருந்தது. 1981 இல் சுவீடனிலும் நோர்வேயிலும், 1982 இல் டென்மார்க்கிலும் பின்லாந்திலும் அது தொடங்கியது. காரில் பொருத்தும் பெரிய பெட்டிகள்தான் பெரும்பாலும். அதில் குரல் எந்த மறைப்பும் இல்லாமல் வானொலி அலையாகவே போனது. எங்களைப் போன்ற வானொலிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை: அலையை வானத்தில் விட்டால், பொருத்தமான பெட்டி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம்.

இதே போன்ற பழைய முறை இங்கிலாந்திலும் இருந்தது. அங்கே இளவரசி டயானாவின் தனிப்பட்ட கைத்தொலைபேசி உரையாடல் ஒன்றை வானொலி ஆர்வலர்கள் பதிவுசெய்தார்கள். 1992 இல் அது பத்திரிகையில் வெளிவந்து உலகம் முழுவதும் பேசப்பட்டது. அரண்மனையில் இருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்து ஆபத்து ஒட்டுக் கேட்பது. கேட்பவனுக்கு எங்கள் சம்மதமோ உதவியோ தேவைப்படவில்லை.

பூட்டு வந்தது, ஒரு பக்கம் மட்டும்

1991 ஜூலை 1 இல் பின்லாந்தில் முதலாவது ஜி.எஸ்.எம். அழைப்பு எடுக்கப்பட்டது. 1992 இல் டென்மார்க்கிலும் சேவை ஆரம்பமானது. ஊரில் நிலைமை வேறு. 1989 இல் கொழும்பில் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கி, தெற்காசியாவிலேயே முதலாவது என்ற பெயரை இலங்கைக்குப் பெற்றுத் தந்தது. ஆனால் போரில் சிக்கிய வடக்கில் அது பரவியது 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்னர்தான்.

ஜி.எஸ்.எம்.மில் சிம் அட்டை வந்தது. அதற்குள் இரகசியச் சாவி ஒன்று இருந்தது. குரலும் இரகசியக் குறியீடாக மாற்றப்பட்டுப் போனது. இது பெரிய முன்னேற்றம். என்றாலும் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, பூட்டு வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டிருந்தது. 1998 இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் சிம் அட்டைக்குள் இருந்த சாவியைப் பிரதி எடுக்கலாம் என்று காட்டினார்கள். 2009 டிசம்பரில் கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மன் ஆய்வாளர், உரையாடலை மறைக்கும் குறியீட்டைச் சாதாரணக் கணினிகளின் உதவியுடன் உடைக்கலாம் என்று பெர்லினில் விளக்கினார்.

இரண்டாவது குறை முக்கியமானது. தொலைபேசி தன்னை யார் என்று கோபுரத்துக்கு நிரூபிக்க வேண்டும். கோபுரம் தன்னை யார் என்று தொலைபேசிக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்கும் காவலாளியிடம், நீ உண்மையான காவலாளியா என்று திருப்பிக் கேட்க வழியில்லாத நிலை அது. ஆகவே போலிக் கோபுரம் ஒன்றை வைத்தால் அருகில் இருக்கும் தொலைபேசிகள் ஏமாந்து அதனுடன் இணைந்துவிடும். மூன்றாம் தலைமுறை முறையில் இரு பக்கமும் நிரூபிக்க வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. ஆனால் பழைய இரண்டாம் தலைமுறை முறையும் தொலைபேசிகளில் கூடவே இருந்தபடியால், அண்மைய ஆண்டுகளிலும் ஐரோப்பிய நகரங்களில் காருக்குள் போலிக் கோபுரத்தை வைத்துக்கொண்டு சுற்றிக் களவுக் குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். 2021 இல் வந்த அண்ட்ரொய்ட் 12 முதல், ஆதரவுள்ள தொலைபேசிகளில் இரண்டாம் தலைமுறை இணைப்பை அமைப்புகளில் நிறுத்தி வைக்க வசதி உண்டு.

குறுஞ்செய்தியும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். முதலாவது குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 இல் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. நம்பிக்கையானவர்கள் மட்டுமே பாவிப்பார்கள் என்ற எண்ணத்தில் அமைத்த முறை அது. அனுப்புபவர் இலக்கத்துக்குப் பதிலாக ஒரு பெயரை எழுதி அனுப்பலாம். அந்தப் பெயர் உண்மையில் அவருடையதா என்று தொலைபேசியால் சோதிக்க முடியாது. அதனால்தான் வங்கியின் பெயரில் வரும் போலிச் செய்தி, வங்கி முன்னர் அனுப்பிய உண்மையான செய்திகளின் கீழேயே போய் அமர்ந்துகொள்கிறது. பார்ப்பவர் பழைய செய்தியைக் கண்டு புதியதையும் நம்புகிறார்.

முதல் வைரஸ் கேட்ட கேள்வி

2004 ஜூனில் 'கபீர்' என்ற வைரஸ் வெளிவந்தது. நோக்கியா போன்ற தொலைபேசிகளில் இருந்த சிம்பியன் இயங்குமுறைக்கு எழுதப்பட்டது. கைத்தொலைபேசியிலிருந்து கைத்தொலைபேசிக்குப் புளூடூத் வழியாகத் தானே பரவிய முதலாவது வைரஸ் அதுதான். 2005 இல் ஹெல்சிங்கியில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியின்போது, விளையாட்டரங்கில் நெருக்கமாக இருந்தவர்களின் தொலைபேசிகளுக்கு அது தொற்றியது. களவெடுக்க எழுதப்பட்டதல்ல. மின்கலத்தை வற்றச் செய்ததுதான் அது செய்த பெரிய சேதம்.

அந்த வைரஸ் தானாக உள்ளே நுழையவில்லை என்பது கவனிக்க வேண்டிய விடயம். செய்தி ஒன்றைப் பெற்றுக்கொள்ளவா, நிறுவவா என்று தொலைபேசி கேட்டது. 'ஆம்' என்று அழுத்தியவர்களுக்கே தொற்றியது. சிலர் 'இல்லை' என்று அழுத்தினார்கள்; கேள்வி திரும்பத் திரும்ப வந்தது; அலுத்துப்போய் 'ஆம்' என்றார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பெரும்பாலான களவுகள் அந்த ஓர் 'ஆம்' என்ற சொல்லில்தான் தங்கியிருக்கின்றன.

தொலைபேசி பணப்பையானபோது

2007 இல் ஐபோன், 2008 இல் அண்ட்ரொய்ட் தொலைபேசி. டென்மார்க்கில் 2013 மே மாதத்தில் மொபைல்பே. சில ஆண்டுகளுக்குள் பணப்பை, வங்கிப் புத்தகம், புகைப்பட அல்பம், கடிதப் பெட்டி எல்லாம் ஒரே கண்ணாடிச் சதுரத்துக்குள் வந்துவிட்டன. காசு போன இடத்துக்குக் கள்ளனும் போனான்.

2011 மார்ச்சில் கூகுளின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளில் 'ட்ரொய்ட்ட்ரீம்' என்ற நச்சு நிரல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2010 இல், வங்கிகள் குறுஞ்செய்தியில் அனுப்பும் இரகசிய இலக்கத்தைத் தொலைபேசிக்குள் இருந்தே பறிக்கும் நிரல் ஒன்று ஸ்பெயினில் வெளிப்பட்டது. வங்கி இரண்டாவது பூட்டைப் போட்டதும் கள்ளன் இரண்டாவது சாவிக்கு வழி தேடிய கதை அது.

2021 இல் ஐரோப்பாவைச் சுற்றி வந்த 'ஃபுளூபொட்' இன்னும் தந்திரமானது. "உங்கள் பொதி வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி. அழுத்தினால் செயலி ஒன்றை நிறுவச் சொல்லும். நிறுவினால், மற்றச் செயலிகளை வாசிக்கவும் இயக்கவும் அனுமதி கேட்கும். கொடுத்தால், வங்கிச் செயலியைத் திறக்கும் நேரம் அதன்மேல் போலித் திரையைப் போட்டுக் கடவுச்சொல்லைப் பறிக்கும். உங்கள் தொடர்புப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போகும். உங்கள் தொலைபேசியிலிருந்தே அதே பொய்யை வேறு ஆட்களுக்கும் அனுப்பும். 11 நாடுகளின் காவல் துறைகள் சேர்ந்து அதை முடக்கியதாக 2022 ஜூன் 1 இல் யூரோபொல் அறிவித்தது. எண்ணிப் பாருங்கள்: அந்த நிரலுக்கு மூன்று தடவை 'ஆம்' தேவைப்பட்டது. மூன்றையும் தொலைபேசியின் உரிமையாளரே கொடுத்தார்.

'ஆம்' கேட்காத களவு

விதிவிலக்கும் உண்டு. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் தயாரித்த 'பெகாசஸ்' உளவு நிரல் எதையும் அழுத்தாமலே உள்ளே நுழையக் கூடியது. 2019 இல் வட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 1,400 தொலைபேசிகள் குறிவைக்கப்பட்டன. அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டியதுகூட இல்லை. 2021 ஜூலையில் பல நாட்டுப் பத்திரிகைகள் சேர்ந்து வெளியிட்ட செய்திகளில் இந்தியப் பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள் பலரின் இலக்கங்களும் இருந்தன. இந்திய உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க அக்டோபரில் நிபுணர் குழுவை அமைத்தது. அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்பது அந்த நிறுவனத்தின் கூற்று.

இப்படியான கருவி மிக விலை கூடியது. தேர்ந்தெடுத்த சிலரைத்தான் தேடி வரும். சாதாரணக் குடும்பம் ஒன்று இதற்காகச் செய்யக்கூடியது, தொலைபேசி கேட்கும் புதுப்பித்தலைத் தள்ளிப்போடாமல் செய்வது. ஓட்டை தெரிந்ததும் அதை அடைத்து அனுப்புவதுதான் புதுப்பித்தல். புதுப்பித்தல் வராத பழைய தொலைபேசியை அம்மாவுக்குக் கொடுத்து அதில் வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுப்பது, ஓட்டை விழுந்த கூரையின் கீழ் நெல்லை வைப்பதற்குச் சமம்.

டென்மார்க்கின் சாவி

இனி எங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். 2010 ஜூலை 1 இல் நெம்ஐடி வந்தது. 148 இலக்கங்கள் அச்சிட்ட சிறு காகித அட்டை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடவுச்சொல் தலைக்குள், அட்டை லாச்சிக்குள். இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் களவு. 2021 அக்டோபரில் மிட்ஐடி அறிமுகமாகி, 2023 இல் நெம்ஐடி முற்றாக நிறுத்தப்பட்டது. இப்போது பெரும்பாலானவர்களுக்குச் சாவி தொலைபேசிக்குள்தான் இருக்கிறது. செயலியைத் திறந்து, இலக்கத்தை அழுத்தி, விரலால் இழுத்தால் அனுமதி கொடுத்தாயிற்று.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது பழைய அட்டையைவிடப் பலமானது. ஆனால் பிரெடெரிசியாக்காரருக்கு ஒரு விடயம் தெரியும். நாங்கள் நடை போகும் மண் அரண், 1650 இல் மூன்றாம் பிரெடெரிக் மன்னர் காலத்தில் இந்தக் கோட்டை நகரம் நிறுவப்பட்டதன் அடையாளம். ஏழே ஆண்டுகளில், 1657 இல், சுவீடன் படை நகரைப் பிடித்துவிட்டது. அரண் கட்டினால் மட்டும் காரியம் முடிவதில்லை. இன்றைய கள்ளன் மிட்ஐடியை உடைக்க மினக்கெடுவதில்லை. தொலைபேசி எடுக்கிறான். "வங்கியிலிருந்து கதைக்கிறோம், உங்கள் கணக்கில் யாரோ கை வைத்துவிட்டார்கள், நிறுத்துவதற்கு உடனே அனுமதி கொடுங்கள்" என்கிறான். காவல் துறை என்றும் சொல்லுவான். திரையில் உண்மையான வங்கியின் இலக்கமே தெரியலாம். அதையும் போலியாக்க முடியும். இந்தியாவில் காணொளி அழைப்பில் பொலிஸ் உடையில் தோன்றி, நீங்கள் கைதாகிவிட்டீர்கள் என்று வெருட்டிக் காசு பறிக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமர் மோடியே வானொலி உரையில் அதைப் பற்றி எச்சரிக்க வேண்டி வந்தது.

கணக்குத் துறையில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. காசோலையை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்பமிடுவார். ஒப்பமிடுபவர் அவசரப்படுத்தப்பட்டால் அந்தக் காசோலையில் ஏதோ பிழை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மிட்ஐடியில் விரலை இழுப்பது ஒப்பமிடுவதுதான். சட்டமும் அதை அப்படித்தான் பார்க்கிறது. 2018 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த டெனிஷ் கொடுப்பனவுச் சட்டம், உங்கள் அனுமதி இல்லாமல் காசு எடுக்கப்பட்டால் உங்கள் பொறுப்பைப் படிப்படியாகப் பிரித்தது. இரகசிய இலக்கம் பாவித்து எடுக்கப்பட்டிருந்தால் சாதாரணமாக 375 குரோனர் வரை. பாரதூரமான கவனயீனம் என்றால் 8,000 குரோனர் வரை. ஆபத்து என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும் இரகசிய இலக்கத்தைச் சொல்லியிருந்தால் முழுத் தொகையும் உங்கள் தலையில். நீங்களே காசை அனுப்பியிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். ஓர் 'ஆம்' எத்தனை ஆயிரம் பெறும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

எங்கள் குடும்பங்களின் பலவீனம்

எங்களுக்கென்று ஒரு தனி வரலாறும் இருக்கிறது. வந்த காலத்தில் கொம்யூனக் கடிதங்களைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் வாசித்துச் சொன்னது. 2014 நவம்பர் 1 முதல் அரச கடிதங்கள் டிஜிட்டல் தபால் பெட்டிக்கு வர ஆரம்பித்தன. கடிதத்தை வாசிக்கப் பிள்ளைக்குப் பெற்றாரின் கடவுச்சொல்லும் தேவைப்பட்டது. அன்பினால் தொடங்கிய ஒழுங்கு அது. ஆனால் பல வீடுகளில் அதன் விளைவு என்ன? தந்தையின் சாவி மகளிடம் இருக்கிறது; மகள் தொலைபேசியில் "அப்பா, ஒருக்கால் இழுத்துவிடுங்கோ" என்கிறாள்; அப்பா வாசிக்காமல் இழுக்கிறார். வாசிக்காமல் ஒப்பமிடும் பழக்கத்தை நாங்களே பெரியவர்களுக்குப் பழக்கிவிட்டோம். நாளைக்கு வேறொரு குரல் அதே வசனத்தைச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

மிட்ஐடியை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்கு மாற்று வழி இருக்கிறது. பொர்கர் இணையத்தளம் மூலம் பெற்றார் பிள்ளைக்கு டிஜிட்டல் அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். தபால் பெட்டியை வாசிக்கும் அனுமதியையும் கொடுக்கலாம். வங்கிக்கு வங்கியில் தனியாக அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம். அப்போது பிள்ளை தன்னுடைய சாவியால் திறக்கும். பெற்றாரின் சாவி பெற்றாரிடமே இருக்கும். திறன்பேசி பிடிக்காத பெரியவர்களுக்கு இலக்கம் காட்டும் சிறு கருவியும் உண்டு. பொர்கர்சேர்விஸில் விசாரிக்கலாம்.

இன்னொரு பலவீனம் எங்கள் உறவு விரிவு. லண்டன், ரொறன்ரோ, யாழ்ப்பாணம் என்று ஒரே வட்ஸ்அப் குழுவில் மூன்று தலைமுறை. "தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், அனுப்பிவிடுங்கோ" என்று மச்சாளின் பெயரில் செய்தி வரும். அது உங்கள் வட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் இலக்கம். அனுப்பினால் கணக்கு போய்விடும். பிறகு உங்கள் பெயரில் எல்லோரிடமும் கடன் கேட்கப்படும். 2017 முதல் வட்ஸ்அப்பில் இரண்டாவது இரகசிய இலக்கம் வைக்கும் வசதி இருக்கிறது. "அம்மா, போன் துலைஞ்சுபோச்சு, இது புது இலக்கம்" என்ற செய்தியும் அதே இனம். இப்போது செயற்கை நுண்ணறிவால் குரலையும் போலியாகச் செய்கிறார்கள். ஒரு மணி அடித்து நிற்கும் வெளிநாட்டு அழைப்பும் அப்படித்தான். திருப்பி எடுத்தால் கட்டணம் ஏறும்.

இந்தக் கிழமை செய்யக்கூடியவை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எங்கள் முதுமொழி. இந்த நாற்பது ஆண்டு வரலாற்றிலிருந்து அளவுகோல் ஒன்றை எடுக்கலாம்: நீங்கள் தொடங்காத எந்த அலுவலுக்கும் ஒப்பம் வைக்காதீர்கள். நீங்கள் வங்கிக்குள் நுழைய முயன்றிருந்தால் மிட்ஐடி கேட்பது சரி. வேறு யாரோ தொலைபேசியில் சொல்ல அது கேட்டால், அது அவருடைய அலுவல். விரலை எடுங்கள். இழுக்கும் முன்னர் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதையும் வாசியுங்கள்.

சந்தேகமான அழைப்பு வந்தால், மரியாதைக்காகக் கதைத்துக்கொண்டிருக்க வேண்டாம். வைத்துவிட்டு, வங்கியின் இலக்கத்தை அட்டையின் பின்புறம் பார்த்து நீங்களே எடுங்கள். மகன் காசு கேட்டால், மகனின் பழைய இலக்கத்துக்கு எடுங்கள். குரல் மகனுடையது போலவே இருந்தாலும், ஊர்க் கிணற்றடியில் நின்ற மரம் எது என்பது போல வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். ஏற்கெனவே 'ஆம்' சொல்லிவிட்டால், முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை மறியுங்கள். அடுத்ததாக மிட்ஐடியை மறியுங்கள். பிறகு 114 இல் காவல் துறைக்கு அறிவியுங்கள். ஒவ்வொரு நிமிடமும் காசு.

வெட்கப்பட்டு மறைப்பதுதான் கள்ளனுக்குக் கிடைக்கும் இரண்டாவது லாபம். ஏமாந்த தாயையோ தந்தையையோ பிள்ளைகள் ஏசினால், அடுத்த முறை அவர்கள் சொல்லமாட்டார்கள். அதிகாரத் தொனியில் ஒருவர் கதைத்தால் பணிந்து போக வேண்டிய வாழ்க்கையை வாழ்ந்து வந்த தலைமுறை அது. விசா அலுவலகத்திலும் சோதனைச் சாவடியிலும் 'ஏன்' என்று கேட்க முடியாமல் நின்றவர்கள். இந்த நாட்டில் அப்படி இல்லை, உண்மையான வங்கியும் உண்மையான பொலிசும் நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டுத் திருப்பி எடுப்பதைக் குறையாக நினைக்கமாட்டார்கள் என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேநீருடன் அருகில் இருந்து, 'இல்லை' என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தால் அதுவே போதுமான தொடக்கம்.